பஸ் வராத ஸ்டாப்பில் ஒரு பெஞ்சு

"ஏறித் தொலையேண்ணே! ஆள் ஏறலைன்னா நாளைக்கே ரூட்டைத் தூக்கிடுவாங்க!"

பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று கத்தினாள் தையல்காரி.

"கத்தாத. உட்கார்ந்திருக்கேன்ல?" என்றார் அவள் அண்ணன், ஸ்டாப் பெஞ்சிலிருந்து.

"அதைத்தானே சொல்றேன், எழுந்திருன்னு!"

பெஞ்சில் இருந்த மற்ற மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை.

அண்ணனைத் தெருவில் ஸ்பிரிங் என்றால்தான் தெரியும். மெத்தைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் ஸ்பிரிங் பூட்டியவர். தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். பட்டப்பெயர் மட்டும் வேலையை விடவில்லை.

அதற்கடுத்து இந்தப் பஸ்ஸும் வராமல் நின்றுபோயிற்று. தையல்காரிக்கு டவுன் திரைச்சீலைக் கடையில் இருந்த வேலை அதோடு போயிற்று.

ஸ்பிரிங் சும்மா இருக்கவில்லை. வார்டு ஆபீசுக்குப் போனார். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தார். பயணிகள் போதாது என்றார்கள், தலையை நிமிர்த்தாமலே. ஆயுசு முழுக்க ஓட்டுப் போட்ட பழைய கட்சிக்காரர் போனையே எடுக்கவில்லை. வீட்டிலோ, அவர் ஒரு பேச்சைத் தொடங்கினால், தங்கை பல்லால் நூலைக் கடிப்பது மாதிரி பாதியிலேயே கடித்து எறிந்துவிடுவாள்.

அப்போதுதான் புதுக் கட்சியின் வட்டச் செயலாளர் வந்தார். பஸ் கொண்டுவரவில்லை. பஸ் வராத ஸ்டாப்பில் ஒரு பெஞ்சு போட்டார். முதுகுப் பலகையில் பெரிய எழுத்தில் 'முதலில் நாம்'.

போட்டதோடு போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கண்ணே, அப்புறம்?"

அந்த 'அப்புறம்' ஸ்பிரிங்கை அப்படியே கவிழ்த்துவிட்டது. தொழிற்சாலை, முழங்கால், பஸ் என்று கொட்டித் தீர்த்தார். செயலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். அங்கே வெளியிலிருந்து வந்தவர்கள் குடியேறியிருந்தார்கள். உங்கள் பஸ் இப்போது அங்கேதான் ஓடுகிறது என்றார்.

யாரும் ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்க்கவில்லை. எதில் போவது, பஸ்தான் இல்லையே.

ஆயிரம் மெத்தை பார்த்த மனிதர், வெறும் பலகையில் உட்கார்ந்து இதுபோல் சுகம் எதிலும் இல்லை என்றார். அவருக்குக் கிடைத்தது ஓரத்து இடம்தான். நடு இடம் செருப்புக்கடையைப் பறிகொடுத்தவருக்கு. பெஞ்சில் யாருடைய குறை புதிதோ அவருக்குத்தான் நடு.

தையல்காரி இன்னொரு பக்கம் அலைந்தாள். பழைய கட்சிக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நாள்தவறாமல் போய் உட்கார்ந்தாள். அவள் தொல்லை தாங்காமலே பஸ் திரும்பி வந்தது. ஆனால் வெள்ளோட்டம்தான். ஆள் ஏறினால் ஓடும்.

வந்து நின்றது இன்று. ஓட்டி வந்தவரோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள்.

"பரவாயில்லைங்க, மெதுவாவே ஏறட்டும்" என்றார் அவர், ஸ்டீயரிங்கில் முழங்கையை ஊன்றி.

ஸ்பிரிங் முழங்காலில் கை வைத்தார். பாதி எழுந்தும் விட்டார். ஜன்னல் சீட்டு நல்ல மெத்தையாக இருந்ததை அவர் கண் கவனிக்காமல் இல்லை. ஏறிவிடலாம். ஏறினால் தங்கைக்கு வேலை.

ஏறினால் நாளைக்கு இங்கே வந்து எதைச் சொல்வது? யார் 'அப்புறம்' என்பார்கள்?

மூன்று பேரும் வானத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"முழங்கால் ஒத்துழைக்கல" என்று உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு பஸ் வேணாம்ணே. பஸ் வரலைன்னு புலம்பணும், அவ்வளவுதான்."

கதவு மூடியது. அவ்வளவு பெரிய பஸ் அவள் ஒருத்தியோடு போயிற்று. புகை அடங்கியதும், ஓட்டுகிறவன் யார் பார்த்தீர்களா என்று ஒருவர் ஆரம்பிக்க, பொழுது இனிதாகப் போனது.

தேர்தலில் தெருவே புதுக் கட்சிக்குக் குத்தியது. ஜெயித்த செயலாளர், வாசலிலேயே பஸ் நிற்கிற தெருவாகப் பார்த்துக் குடிபோனார்.

சில மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லையென்று ரூட்டை எடுத்துவிட்டார்கள். நாங்கள் சொன்னோமா இல்லையா என்று பெஞ்சில் ஒரே கும்மாளம்.

ஆனால் பாருங்கள், தினமும் போக வர ஒரே ஒரு பயணி, ஒரே ஒரு டிரைவர். பேச நேரம் நிறைய. பஸ் நிற்பதற்குள் தையல்காரி அவரைக் கல்யாணம் செய்துகொண்டு, தையல் மெஷினோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பஸ்ஸும் போச்சு, தங்கச்சியும் போச்சு என்றார் ஸ்பிரிங். செருப்புக்கடைக்காரர் மறுபேச்சில்லாமல் நகர்ந்து உட்கார, நடு இடம் இப்போது ஸ்பிரிங்குக்கு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது காலியாக இருக்கும். முழங்காலுக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்பார்.

நடப்பது உண்மைதான். பாலத்தைத் தாண்டி, தங்கை வீடு வரைக்கும் நடக்கிறார். அந்தக் கரையிலும் பஸ் ஓடவில்லை என்பது முதல் ஞாயிறே அவருக்குத் தெரிந்துபோயிற்று. பெஞ்சில் இதுவரை மூச்சு விடவில்லை.

போய்ச் சேர்ந்ததும் மெத்தை நாற்காலியாகப் பார்த்துச் சாய்ந்துகொண்டு, இவ்வளவு தூரத்தில் உட்கார ஒரு பெஞ்சு உண்டா, கேட்க நாதியுண்டா என்று தொடங்குவாராம். தங்கை கடித்து எறிய வாயைத் திறப்பாள்.

மாப்பிள்ளை அவளைக் கையமர்த்திவிட்டு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்வாராம்.

"சொல்லுங்க மச்சான், அப்புறம்?"