டிவி இல்லாத வீடு

"காலு வெளிய தெரியுதுங்க! போர்வைய இன்னும் இழுத்து மூடுங்க!" ரத்தினபாய் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

அசரியா மூச்சிரைக்கக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் இன்னொரு தள்ளு தள்ளினார். அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் நேரே போலீசுக்குத்தான் போன் போட்டிருப்பார்கள். நாற்பத்து மூன்று இன்ச் டிவி, ஸ்டாண்டு காலோடு, மல்லாந்தபடி உள்ளே போய்ச் சேர்ந்தது.

"ரிமோட் எங்க?"

"என்னைக் கேட்டா? அது எப்பவும் உங்க கையிலதான இருக்கும்!"

தேடுவதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

எல்லாம் இன்று பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பாஸ்டரம்மா சொன்ன ஒரு வார்த்தையால் வந்த வினை. "அஸ்தினாபுரத்துல நல்ல பக்தியான குடும்பம். முந்தாநாள் ஜெபத்துக்குப் போயிருந்தேன், வீட்ல டிவியே கிடையாதுன்னா பாத்துக்கோங்களேன்!"

சிட்லபாக்கத்து அசரியா வீட்டிலோ தினமும் ஏழு மணிக்கு யுத்தம் தொடங்கும். அவருடைய பாட்டுப் போட்டியும் அவளுடைய சீரியலும் ஒரே நேரத்தில் வந்து தொலைக்கும். இன்றைக்குப் போட்டியில் இறுதிச் சுற்று, சீரியலில் மாதக்கணக்காகத் தள்ளிப்போன கல்யாணம். எதைப் பார்ப்பது என்று வாரம் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் இரண்டு பேருக்கும் இல்லை என்றாகிவிட்டது.

ஆனால் வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்த மகள் ஜெரூஷா, இந்த ஜோனத்தானிடம் இரண்டு முறை போனில் பேசிவிட்டு, "எனக்கு ஓகேப்பா" என்று சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்புக்காக டிவி என்ன, ஃபிரிட்ஜையே கட்டிலுக்கு அடியில் தள்ள அசரியா தயார்.

"ஸ்தோத்திரம் பிரதர்!" என்று மாப்பிள்ளையின் அப்பா லாசரஸ் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். பின்னாலேயே அம்மா ஜோசலினும் ஜோனத்தானும் வந்தார்கள்.

"கால்ல என்ன பிரதர், இவ்ளோ பெரிய கட்டு?"

"ஒண்ணுமில்ல. ஒரு சாமான் நழுவி விழுந்துடுச்சு" என்று லாசரஸ் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். சர்ச்சில் பெஞ்சு தூக்கும்போது காலில் போட்டுக்கொண்டிருப்பார், எப்பேர்ப்பட்ட ஊழியக்காரர் என்று அசரியா மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பேச்சு நன்றாகவே போனது. ஜெரூஷா டீ கொடுத்தாள், ஜோனத்தான் டீயைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே கப்பை எடுத்தான். இந்தச் சமயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அசரியாவுக்கு அது முடியாது.

"எங்க வீட்லயும் டிவி கிடையாதுங்க. எங்களுக்கு அது ஆகவே ஆகாது."

"அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்தப் பாத்து அழுதுகிட்டு உக்கார நமக்கென்ன தலையெழுத்தா?" என்று ரத்தினபாயும் தாளம் போட்டாள்.

ஜோசலினின் முகம் சுருங்கியது. போதவில்லையோ என்று பயந்துபோன அசரியா, "எங்க பொண்ணுக்கு ஒரு சேனல் பேர்கூடத் தெரியாது!" என்று ஒரு பிடி கூடுதலாகவே அள்ளிவிட்டார். ஜெரூஷாவுக்குப் புரையேறியது. ஜோசலின் முகம் இன்னும் சுருங்கியது.

சரியாக ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு சுகுமார் டிவியிலிருந்து சீரியலின் ஆரம்பப் பாட்டு சுவர் தாண்டி வந்தது. முறுக்கோடு வாய்க்குப் போன ஜோசலினின் கை பாதியில் நின்றது. கண்கள் மூடிக்கொண்டன.

"மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். எவ்ளோ சொல்லியும் அவங்க கேக்க மாட்டேங்குறாங்க" என்று அசரியா பதறினார்.

ஜோசலின் கணவரின் காதில் ஏதோ முணுமுணுத்தாள். லாசரஸ் தொண்டையைச் செருமினார். "அப்ப நாங்க கிளம்புறோம் பிரதர். வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்."

யோசிச்சுச் சொல்றோம் என்றவர்கள் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை. ஜெரூஷாவின் கண் நிறைந்துவிட்டது.

ஜோசலின் எழுந்திருக்க சோபாவில் கையை ஊன்றினாள். கை மெத்தை இடுக்கில் இறங்கியது. வெளியே வந்தபோது அதில் ரிமோட் இருந்தது.



"மன்னிச்சிடுங்க!" அசரியா கையெடுத்துக் கும்பிட்டார். "டிவி கட்டிலுக்கு அடியில இருக்கு. எனக்குப் பாட்டுப் போட்டி, இவளுக்கு சீரியல். டெய்லி ஏழு மணிக்கு இந்த ரிமோட்டுக்கு அடிச்சுக்கிறோம். தப்பெல்லாம் எங்களோடது, பொண்ண வேணாம்னுடாதீங்க!"

"பாட்டுப் போட்டியா? இன்னிக்கு ஃபைனல் ஆச்சே!" என்று லாசரஸ் நொண்டுவதையும் மறந்து படுக்கையறைப் பக்கம் நடந்தார்.

"அதெல்லாம் கிடையாது, சீரியல் கல்யாணம்தான் வைக்கணும்!" ஜோசலின் ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நல்லவேளை சம்பந்தி! டிவி இல்லாத வீட்டுப் பொண்ணு எங்ககூட எப்படிக் குப்பை கொட்டுவான்னு பயந்தே போயிட்டேன்."

அசரியா விழித்தார். "உங்க வீட்லதான் டிவியே இல்லைன்னாங்களே, சிஸ்டர்?"

ஜோசலின் கணவரின் கட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருந்த ஒண்ணுதாங்க இவர் கால் மேல விழுந்து உடைஞ்சுபோச்சு!"