டாக்டரின் முதுகுக்குப் பின்னால்

"குடை, சீப்பு, எலுமிச்சம்பழம். இந்த மூணையும் மனசுல வச்சுக்குங்க. அப்புறமா கேப்பேன்" என்றார் டாக்டர்.

தையல்காரர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். டாக்டரின் முதுகுக்குப் பின்னால், சுவரோர நாற்காலியில் இருந்த தையல்காரரின் மனைவியும் தலையாட்டினாள்.

அந்த நாற்காலியை அவள் சும்மா பிடிக்கவில்லை. கணவரைப் பரிசோதனைக்குக் கூட்டிவரும் போதெல்லாம், ஃபேன் காற்று ஆகாது என்று சாக்குச் சொல்லி அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கிருந்தால்தான் டாக்டருக்குத் தெரியாமல் ஜாடை காட்டலாம்.

போன தடவை ரயில் என்ற வார்த்தைக்காக, இந்த வயதில் இரண்டு கைகளையும் சக்கரமாகச் சுற்றியிருக்கிறாள். வெட்கமாவது ஒன்றாவது! மூன்றும் சரி என்று டாக்டர் எழுதினாரா இல்லையா?

தப்புத்தான், அவளுக்கும் தெரியும். ஆனால் மகன் கறாராகச் சொல்லிவிட்டான். அப்பாவின் ஞாபகம் இன்னும் குறைந்திருந்தால் கடையை மூடிவிடுவானாம். டாக்டர் என்னவோ லேசான மறதிதான், கூட ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். கூட இருக்க அவள் இல்லையா, குத்துக்கல் மாதிரி? கடை போய்விட்டால் அந்த மனுஷர் வீட்டு மூலையில் முடங்கிப்போவார். அதை அவளால் பார்க்க முடியாது.

இன்றைக்கும் பாதி வழியில், வீட்டைப் பூட்டினாரோ இல்லையோ என்று அவள்தான் வண்டியைத் திருப்பச் சொன்னாள். மறதி மன்னரை நம்பமுடியுமா என்ன! போய்ப் பார்த்தால் பூட்டு ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். முள் கொஞ்சம் கோணியது, பரவாயில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தையல்காரர் தட்டுத்தடுமாறிக் கரையேறினார்.

"சரி, மொதல்ல சொன்ன மூணு வார்த்தை?"

தையல்காரரின் பார்வை வழக்கம்போல டாக்டரின் தோளைத் தாண்டி வந்தது.

அவள் கையைத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

இப்போதுதானே கேட்டுத் தலையாட்டினாள்? ரயிலா? சே, அது போன தடவை. உள்ளுக்குள் துழாவினாள். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஐயையோ, எனக்கா?

டாக்டர் சட்டென்று நாற்காலியோடு திரும்பினார். அந்தரத்தில் நின்ற கையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அதானே பாத்தேன்! சரிம்மா, அவருக்குப் பதிலா நீங்களே சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். பார்வை கணவரிடம் ஓடியது.

இப்போது டாக்டரின் முதுகு தையல்காரர் பக்கம் இருந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தலைக்கு மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"குடை" என்றாள்.

நரைத்த முடியை விரல்களால் வாரிவிட்டார்.

"சீப்பு."

இரண்டையும் அவர் கையைப் பார்த்துத்தான் சொன்னாள். டாக்டர் அவற்றைச் சொன்னதாக அவளுக்குத் துளிகூட நினைவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

மூன்றாவதற்கு அவர் கண்களை இறுக்கி மூடி, முகத்தைச் சுளித்தார்.

அது ஜாடையா, இல்லை அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.