அஞ்சலை அணைத்த சுவிட்ச்

"சுவிட்ச ஆஃப் பண்ணது நான்தான் சார்" என்றாள் அஞ்சலை.

அவ்வளவுதான், விசாரணை முடிந்துவிட்டது. பழியைத் தானே ஏற்றுக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு நிம்மதி! அறையில் இருந்த மூன்று பேர் முகத்திலும் அது தெரிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கிருபாகரனின் பிரஸ் ஷாப் அது. பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டும் பட்டறைகளில் விரல் போவது ஒன்றும் புதிதில்லை. அதைத் தடுக்கத்தான் கல்லூரிப் பேராசிரியை மதிவதனி ஒரு கருவி செய்திருந்தாள். மெஷின் தலையில் ஒரு சின்ன கேமரா, அதற்கொரு சுவிட்ச். வெட்டும் அச்சுக்குக் கீழே கை இருப்பதை அது பார்த்துவிட்டால், மெஷின் அப்படியே நின்றுவிடும். கல்லூரியும் சிறு தொழில்களும் கைகோத்துப் புதியதைக் கண்டுபிடிக்க அரசு நடத்தும் திட்டத்தில், இந்தப் பட்டறையில்தான் சோதனை ஓட்டம்.

அப்படியொரு கருவி இருந்தும், ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கியதும் அஞ்சலையின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

"ஏம்மா ஆஃப் பண்ணீங்க?" என்று கேட்டார் திட்ட அதிகாரி.

"அது அடிக்கடி நின்னு போவுது சார். பீஸ் கொறையுது. சீக்கிரம் முடிச்சிட்டு ஊட்டுக்குப் போலாம்னு பாத்தேன்."

கிருபாகரன் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லதுக்குக் காலமே இல்ல சார். இதுங்களுக்கோசரம்தான் எட்டு மாசமா மேடம் இங்க வந்துகினு கீறாங்க. இதுங்களுக்கு பீஸ்தான் முக்கியம்."

அதிகாரி மதிவதனி பக்கம் திரும்பினார். "அப்போ கருவியில கோளாறு இல்ல. அடுத்த மாசம் மத்த நாப்பது கம்பெனிக்கும் குடுத்துடலாம் மேடம்."

மதிவதனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒருத்தியின் விரல் போன இடத்தில் இப்படி நிம்மதி வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. யார் மேல்? அஞ்சலை மேல்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

"நாளையிலேர்ந்து வர வேணாம் அஞ்சலை" என்றார் கிருபாகரன். "நீயே அணைச்சிட்டு நீயே கைய உட்டா நான் இன்னா செய்ய முடியும்? உன்ன வெச்சிருந்தா நாளைக்கு இன்னொருத்தி அதையே செய்வா."

அஞ்சலை தலையாட்டிவிட்டு வெளியே போனாள்.

கேட்டுக்கு வெளியே ஆவடி ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தவளிடம் மதிவதனி வேகமாக வந்தாள்.

"உங்க பக்கத்துலயே உக்காந்து, உங்க கை எப்படிப் போகுது, எப்படி வருதுன்னு பாத்துப் பாத்து நான் செஞ்சது, அஞ்சலை. நீங்களே அதை அணைக்கலாமா?"

"தப்புதான் மேடம்."

"இனிமே என்ன செய்வீங்க?"

"தெர்ல மேடம். பொண்ணு பன்னண்டாவது படிக்கிது. இடது கையால எதுனா பழகிக்கணும்."

சொல்லும்போது அவள் அழவில்லை. ஆனாலும் மதிவதனி சொல்ல வந்ததைச் சொல்லித் தீர்த்தாள்.

"உங்க மேல எனக்கு வருத்தம்தான். உங்களை மாதிரி நாலு பேர் அணைச்சா போதும், எல்லாம் வீண்."

ஆட்டோ வந்து நின்றது. ஏறப் போன அஞ்சலை என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. கோச்சிக்காதீங்க. அந்த நாப்பது எடத்துலயும் ஆயுத பூஜ பண்ணுவாங்க. அப்போ கேமரா மேல மட்டும் சந்தனம் குங்குமம் வெக்க உடாதீங்க. அது மறைஞ்சிகினா மெஷின் நிக்க மாட்டேங்கிது."

மதிவதனிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அப்போ... சுவிட்ச்?"

"ஆன்லதான் இருந்துச்சி மேடம். ஆஸ்பத்திரிக்கு ஏத்தும்போது பக்கத்து மெஷின் ஜேம்ஸ் அண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன், பொட்டத் தொடச்சிட்டு சுவிட்ச ஆஃப் பண்ணிடுன்னு."

"ஏன் அஞ்சலை?"

"கேமரா மேல தப்புன்னா மொத்தமா மூடிடுவாங்க. அது எத்தினியோ தபா என் கையக் காப்பாத்திக்கீது மேடம். மத்த பொம்பளைங்க கையாவது நல்லா இருக்கட்டும்."

கேமரா மறைந்தால் மெஷின் தானாகவே நிற்க வேண்டும். கருவியில் அதைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. படித்த படிப்பில் அது தோன்றவேயில்லையே என்று மதிவதனி தன்னையே நொந்துகொண்டாள். அஞ்சலையின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, உள்ள போலாம். அதிகாரி இன்னும் கிளம்பல. உண்மையைச் சொல்லிடுவோம். கருவியை நான் சரி பண்ணிக்கறேன். கேமரான்னு கூடத் தெரியாம பொட்டு வெச்சாங்களே, அவங்க வந்து பதில் சொல்லட்டும். நீங்க ஏன் வேலையை விடணும்?"

"வேணாம் மேடம்."

"ஏன் வேணாம்? யாருன்னு சொல்லுங்க."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அஞ்சலை கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி பூஜைக்கு வந்தவங்கன்னு சந்தனக் கிண்ணத்த ஓனரு உங்க கையிலதான் குடுத்தாரு. எல்லா மெஷினுக்கும் ஆசையா நீங்கதான் மேடம் வெச்சீங்க."