படம் நின்றுவிட்டது

“படம் மறுபடியும் நின்னு நின்னு ஓடுதும்மா. வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு” என்றார் அப்பா, போனில் எரிச்சலாக.

வெளியூரில் இருந்த மகள் லேப்டாப்பைத் திறந்தாள். அப்பா படம் பார்க்க டிவியோடு ஒரு கம்ப்யூட்டரை இணைத்து அமைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

“ரவுட்டரை அணைச்சுட்டுப் போடுங்கப்பா.”

“போட்டாச்சு.”

“பச்சை லைட் வர்ற வரைக்கும் பொறுங்க. முட்டி வலி எப்படி இருக்கு?”

“அது கிடக்குது. மாடிப்படிதான் ஏற முடியல. நீ இளைச்சுட்டேன்னு அம்மா சொன்னா. வேளைக்குச் சாப்பிடறியா?”

“சாப்பிடறேன்ப்பா” என்றவள், மனமில்லாமல் லேப்டாப்பில் எதையோ தட்டினாள்.

“ஆங், ஓடுது, ஓடுது! வெச்சிடறேன்.”

பக்கத்தில் இருந்த கணவன் சொன்னான்: “வாராவாரம் இதே பாடு. புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துடலாமே?”

“அது நல்லாத்தாங்க இருக்கு. நான்தான் இங்கிருந்தே அதோட வேகத்தைக் குறைச்சு வைக்கிறேன். அப்பா கொஞ்சம் பேசினதும் ஏத்தி விட்டுடுவேன்.”

“ஏன் இந்த வேலை? நீயே போன் பண்ணிப் பேசலாமே!”

அவள் லேப்டாப்பை மூடினாள்.

“நான் பண்ணினா, ‘இந்தா, உன் பொண்ணு’ன்னு உடனே அம்மாகிட்ட போனைக் கொடுத்துடறாருங்க.”