நாவல் மரத்தடிக் காளான்

“டேய் ஸ்டீவா, மிதிக்காதடா!”

செண்பகம் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். உள்ளே அவள் தம்பி ஸ்டீவன், செக்யூரிட்டி பூட்ஸ் காலால், நாவல் மரத்தடியில் முளைத்திருந்த காளான்களை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தான்.

நேற்று இடி இடித்து மழை கொட்டியதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் ஏஞ்சலுக்கு ஏழாம் மாதம். தாய்வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, “அம்மா, நாவமரத்துக் காளான் முளைச்சிதா?” என்று அதே கேள்விதான். சின்ன வயதில் மாமன் தோளில் உட்கார்ந்து, பெரிய காளானைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் அவள்.

“நாலே நாலு குட்றா. புள்ளத்தாச்சி ஆசப்பட்டு கேட்டுக்கினு கீறா.”

“காம்பவுண்டுக்குள்ள முளைச்சது கம்பெனி பொருள்க்கா. போ.”

“கம்பெனி பொருளா? போன வருசம் நீயே கொண்டாந்து குடுத்தியே, அப்போ யார் பொருளு? நீயும் நானும் நனைஞ்சிக்கினு பாவாட நெறைய பொறுக்கின மரம்டா இது! வெறகுக்கு ஒரு கெளைய ஒடிச்சதுக்கு அம்மா உன்ன இன்னா அடி அடிச்சிது! ‘மரம் பூட்டா காளானும் பூடும், ரெண்டும் ஒரே வேர்ல உண்ணுதுங்க’ன்னு சொல்லல?”

ஸ்டீவனின் கால் ஒரு நொடி நின்றது.

கும்மிடிப்பூண்டியில் இந்தக் காட்டையே மழித்துக் கம்பெனி கட்டியபோது, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இந்த ஒரு மரத்தைக் காப்பாற்றியவன் அவன்தான். அன்றைக்கு ஊரெல்லாம் தம்பி புராணம் பாடியவள் செண்பகம்.

மிச்சமிருந்த காளான் மொட்டுகளையும் மிதித்தான்.

“யூனிஃபார்ம் மாட்டினதும் கூடப் பொறந்தவ கண்ணுக்குத் தெரியல, இல்ல? இனிமே என் ஊட்டுப் பக்கம் வராத!”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

இதையெல்லாம் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் சந்திரமோகன், குடையோடு இறங்கி வந்தார். இளகிய மனசுக்காரர். தீபாவளி, கிறிஸ்துமஸ் இரண்டுக்கும் மறக்காமல் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பவர்.

“என்ன ஸ்டீவன், சொந்த அக்காதானே? பாவம், அழுதுகிட்டே போறாங்க. நாலு காளான் கொடுத்திருந்தா கம்பெனி என்ன குறைஞ்சா போயிடும்? மனுஷனுக்கு ஈரம் வேணும்யா.”

ஸ்டீவன் பூட்ஸில் ஒட்டியிருந்ததைப் புல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“மரம் குடிச்சதத்தான் சார் காளானும் குடிக்கும்.”

“அதுக்கு?”

“போன மாசம் டேங்கர்ல இருந்த கழிவுத் தண்ணிய இந்த வேர்ல ஊத்தச் சொன்னது நீங்க. டேங்கர் உள்ள வர கேட்டத் தொறந்து உட்டது நானு. வெளிய சொன்னா வேல பூடும்னீங்க, சொல்லல. எங்கக்கா பொண்ணு துன்னாம இருக்க, மிதிக்கிறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல சார்.”