கெம்பஸ் போகிற பிள்ளைக்கு ஒரு வீடு

"படிப்புக்கு நான் ஒரு சதமும் தரமாட்டன்."

ஒலிபெருக்கியில் முத்தலிப் ஹாஜியார் இப்படிச் சொன்னதும் பாடசாலை மண்டபம் கப்சிப்பென்று ஆகிவிட்டது.

அது எண்பத்திரண்டாம் ஆண்டு. மருதமுனையில் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக ஒரு பெண்பிள்ளை, ஸகியா, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கெம்பசுக்கு, எடுபட்டிருந்தாள். வாப்பா மௌத்தாகி, தகப்பனில்லாத பிள்ளை. உம்மா மைமூனா தறியில் சாரன் நெய்து வளர்த்தவள். பாராட்டு விழாவுக்குத் தெருவே திரண்டு வந்திருந்தது. அந்த நாளையில் யார் வீட்டுப் பிள்ளை பாஸ் பண்ணினாலும் எல்லார் வீட்டிலும் பெருநாள்தான். இப்போது நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிறது.

மேடையில் நின்ற ஜெமீல் மாஸ்டரின் முகம் சுருங்கிப் போனது. நலன்புரிச் சங்கத்துச் செயலாளர் அவர். பிள்ளைகளின் படிப்பென்றால் சோறு தண்ணீர் மறந்து ஓடித்திரிகிறவர். அரிசி ஆலைக்காரரான ஹாஜியார் மாதாமாதம் புலமைப்பரிசிலாகப் பணம் தருவார் என்று நம்பி, பேப்பர்காரரைக் கமராவோடு கூட்டி வந்திருந்தார்.

"அப்ப என்னதான் தருவீங்க ஹாஜியார்?"

"வீடு வேணுமெண்டா கட்டித் தாறன். கல்லு, சீமெந்து, ஓடு எல்லாம் என்ட பொறுப்பு."

மண்டபம் சிரித்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு என்றால் அடுத்தது கல்யாணம்தான். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. அதனால் பெண் பிறந்த அன்றே உம்மாமார் சுவருக்கும் கூரைக்கும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

"பொம்புளப் புள்ள படிச்சா இவருக்குக் குத்துதோ?"

"படிப்புக்குக் குடுக்க மனமில்லாத கஞ்சன்!"

ஹாஜியார் காதில் விழாததுபோல் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பேப்பர்காரர் கமராவை மூடினார்.

அடுத்த கிழமை ஹாஜியாரின் ட்ரக்டர் மைமூனாவின் கிடுகு வேய்ந்த வீட்டுக்கு முன்னால் செங்கல்லைக் கொட்டிவிட்டுப் போனது. தெருவுக்கு நல்ல தீனி.

"கெம்பசாம் கெம்பஸ்! புள்ளைக்குக் கல்யாணக் காவின் எழுதப் போறாங்க, பாருங்க."

ஜெமீல் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மைமூனா தறியை நிறுத்தி, முக்காட்டை இழுத்துவிட்டு எழும்பினாள்.

"மைமூனா ராத்தா, நீங்களும் இதுக்குச் சம்மதமா? எடுபட்ட புள்ளைய வீட்டுல வெச்சிக் கல்யாணம் முடிச்சிக் குடுக்கப் போறீங்களா?"

"ஆரு மாஸ்டர் அப்பிடிச் சொன்ன? அவள் நாளைக்குக் கெம்பஸ் போகக் கண்டி பஸ் ஏறுறாள்."

உள்ளே ஸகியா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு விழித்தார்.

"அப்ப இந்தக் கல்லு?"

"விழாவுக்கு முதல்நாள் ஹாஜியார் வந்து, 'இல்லாத புள்ளையளுக்கு மாசாமாசம் குடுக்கிற உதவிக்காசு கெம்பசால கெடைக்குதா' எண்டு கேட்டார். ஓம் எண்டன். 'அப்ப நான் புலமைப்பரிசில் எண்டு தந்தா, இவவுக்கு வேற உதவி இரிக்கி எண்டு அத வெட்டிருவாங்க. என்ட காசால அரசாங்கத்துக்குத்தான் லாபம், ஒங்களுக்கில்ல' எண்டார்."

மாஸ்டர் சைக்கிளை வேலியில் சாத்தினார்.

"'நீ வீட்டுக்கெண்டு சேத்து வெச்சிரிக்காய்தானே புள்ள? அத அவள்ற படிப்புக்கு எடு. வீட்ட நான் பாத்துக்கிறன். செங்கல்ல ஆரும் புலமைப்பரிசில் எண்டு சொல்லமாட்டாங்க' எண்டார்."

மைமூனா செங்கல் குவியலைப் பார்த்தாள்.

"காசு கையில இரிந்தும் தொடப் பயமா இரிந்த மாஸ்டர். தொட்டா என்ட புள்ள வீடில்லாம, குமராவே இரிந்திருவாளே எண்டு எத்தின நாள் அழுதிரிக்கன். அந்தப் பயம் இப்ப இல்ல."

"யா அல்லாஹ்! ஊர் அந்த மனிசன என்ன பாடு படுத்திச்சு! நானும்தான். இத மேடையிலயே ஒரு வார்த்த சொல்லியிரிக்கலாமே?"

மைமூனா, வாசலுக்கு வந்து நின்ற மகளைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். அதற்குள் ஸகியாவுக்கு வாய் முந்திவிட்டது.

"நாங்களும் அதத்தான் கேட்ட சேர். 'போன வருசம் கெம்பஸ் போன ஜவுபருக்குச் சங்கம் புலமைப்பரிசில் குடுத்திச்சு. அதால கெம்பஸ் காசு வெட்டுப்பட்டிச்சு. கொஞ்ச நாளையில சங்கத்துக் காசும் நிண்டு போச்சு. பொடியன் சாப்பிட வழியில்லாம படிப்ப உட்டுட்டு வந்து, இப்ப என்ட மில்லுல நிக்கான்' எண்டார்."

"ஜவுபரா? அவன் படிக்க மனமில்லாமத்தானே வந்த?"

"ஒங்களுக்கிட்ட ஜவுபர் அப்பிடித்தான் சொன்னாராம் சேர். 'நம்மட புள்ளையளுக்காக ஓடித்திரியிற மனிசன் ஜெமீல் மாஸ்டர். நான் மேடையில காரணத்தச் சொன்னா, ஊருக்கு முன்னால அவர் ஒடஞ்சி போயிருவார். என்னக் கஞ்சன் எண்டா சொல்லிட்டுப் போகட்டும்' எண்டார், சேர்."