நாலாம் ஆளின் இடது கண்

சீனிவாசராகவன் சார் லேபுக்குள் வரும்போதே கொதித்துக்கொண்டிருந்தார். ஓசூர் ரோட்டில் ஏதோ ஆட்டோ மறுபடியும் அவர் காரின் இடது பக்கத்தை உரசிவிட்டதாம்.

"கண்ணு தெரியாதவனுக்கெல்லாம் லைசென்ஸ் குடுக்கறான்!"

அந்தக் கோபம் ஆறுவதற்குள் என் கிராஃபைப் பார்த்துத் தொலைத்தார்.

வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று என வேறு வேறு கோடுகளைக் காட்டி, மூளை இரண்டையும் எப்படிச் சேர்க்கிறது என்று பார்க்கிற சோதனை. வெளியாள் கிடைக்காததால் லேபில் இருந்த எல்லோரும் உட்கார்ந்தோம். முதலில் மொத்தமாகச் சராசரி போட்டுப் பேப்பரும் வந்துவிட்டது. நான்தான் சும்மா இருக்காமல் பழைய டேட்டாவை எடுத்து ஆள் ஆளாகப் பிரித்தேன். வேண்டாத வேலை.

நாலாம் ஆளுக்கு இடது கண் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

"யாரு இந்தத் தண்டம்? கவினா? மெஸ் பிசிபேளாபாத் உள்ள போனா அவன் தூங்கிடுவானே. தூக்கிடு ஜூடித். அப்பதான் தீசிஸ்ல கையெழுத்து."

பக்கத்து மேசையில் கவின், பாவம், திருதிருவென்று முழித்தான்.

பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டவள் நான். நாலு யாரென்று எனக்குத் தெரியும். தூக்கினால் தீசிஸ் பொய். வைத்துக்கொண்டால் யாரென்று சொல்ல வேண்டும். சொன்னால் என் கதை கந்தல்.

மர்பி டவுனில் அம்மா வேறு, மகள் இந்த மாதம் டாக்டர் ஆகிறாள் என்று சர்ச் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். போன ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேர் என்னிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார்கள். மாதாவே, இந்தக் கையெழுத்து மட்டும் கிடைத்துவிட வேண்டும்.

"சார், அவர் தூங்கலை சார். அவருக்கு நெஜமாவே இடது கண்ணுல பார்வை..."

"என்னம்மா பேசற? ஒரு கண்ணு தெரியலைன்னா அது அவனுக்கே தெரியாதா? முப்பது வருஷமா இதத்தான் பண்றேன், என்கிட்டயேவா? இங்க பாரு!"

பாடம் நடத்துகிற உற்சாகத்தில் வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு என் திரைக்கு நேராகக் குனிந்தார்.

அப்படியே நின்றார்.

கவின் என்னைப் பார்த்தான். நான் கவினைப் பார்த்தேன்.

"ஜூடித்," என்றார் சார், குரலே மாறிப்போய். "கிராஃப எதுக்கும்மா அழிச்ச?"